ஒரு சம்பளம்... ரெண்டு அடுப்பு! ஸ்ரீபெரும்புதூர் குடும்பங்களின் விலைவாசிக் கணக்கு

ஒரகடம், சுங்குவார்சத்திரம், வல்லம் பக்கத்து மளிகைக் கடைகளில் கூட்டம் ஷிஃப்ட் நேரத்தை ஒட்டித்தான் வரும். கம்பெனி பஸ்ஸிலிருந்து அடையாள அட்டையோடு இறங்குபவர்கள் என்ன அளவில் பொருள் கேட்கிறார்கள் என்பதை வைத்தே, அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். 26 கிலோ அரிசி மூட்டை, ஒரு கிலோ பருப்பு, 5 லிட்டர் எண்ணெய் கேன் என்றால் குடும்பத்தோடு இருப்பவர். 5 கிலோ அரிசிப் பை, கால் கிலோ பருப்பு, அரை லிட்டர் எண்ணெய் பாக்கெட், 10 ரூபாய் சாம்பார் பொடி, அரை கிலோ தக்காளி என்றால் நாலு பேரோடு ரூம் எடுத்துத் தங்கியிருப்பவர்.

அந்த அரை கிலோ தக்காளிக்காரருக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது. திருவண்ணாமலையிலோ, விழுப்புரத்திலோ, தர்மபுரியிலோ, ஏன் பீகாரிலோ ஒடிசாவிலோ இருக்கலாம். அங்கேயும் தினமும் உலை கொதிக்கிறது. இங்கே ரூமில் ஓர் அடுப்பு, ஊரில் ஓர் அடுப்பு. இரண்டுக்கும் எரிபொருள் ஒரே சம்பளம்.

1990-களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கிய நாளிலிருந்து இந்தப் பகுதி நாட்டின் முக்கியத் தொழில் மண்டலங்களில் ஒன்றாக வளர்ந்துவிட்டது. சாம்சங், ரெனோ-நிசான், டைம்லர், ராயல் என்ஃபீல்டு, யமஹா, ஃபாக்ஸ்கான் என வரிசையாகக் கம்பெனிகள் வந்தன. அவற்றோடு பல மாவட்டங்களிலிருந்தும் மாநிலங்களிலிருந்தும் இளைஞர்களும் பெண்களும் வந்தார்கள். ஆனால், விலைவாசியைச் சமாளிக்க அரசு வைத்திருக்கும் ஏற்பாடுகள் எல்லாம் 'ஒரு குடும்பம், ஒரு வீடு, ஒரு அடுப்பு' என்ற கணக்கில் போடப்பட்டவை. விலை ஏறும்போது இந்த இரண்டு அடுப்புக் குடும்பங்கள் படும் சிரமம் அங்கேதான் தொடங்குகிறது.

850 ரூபாய் செய்யும் வேலை

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒருவர் கையில் வாங்கும் சம்பளம் மாதம் 16,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஊருக்கு அனுப்புவது 7,000. அதில் 5,000 அங்கே சாப்பாட்டுக்கே போய்விடுகிறது. இங்கே வாடகை, கரன்ட் பில்லில் தன் பங்கு 2,500. சாப்பாட்டுக்கு 3,500. போன் ரீசார்ஜ், சோப்பு, ஊருக்குப் போய்வரும் செலவு எல்லாம் சேர்த்து 1,500. மிச்சம் 1,500 ரூபாய்.

இப்போது சாப்பாட்டுப் பொருட்களின் விலை 10 சதவிகிதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரூம் சமையலில் 350 ரூபாய் கூடும். ஊர்ச் சமையலில் 500 ரூபாய் கூடும். மொத்தம் 850. சேமிப்பாக நின்ற 1,500 ரூபாய், 650 ஆகிவிடும். விலை ஏறியது 10 சதவிகிதம், சேமிப்பு கரைந்தது பாதிக்கும் மேல்.

இதில் ஊர்ச் செலவைக் குறைக்கப் பெரும்பாலும் மனசு வராது. அம்மாவுக்கு மாத்திரை இருக்கிறது, தம்பிக்குக் காலேஜ் ஃபீஸ் இருக்கிறது. எனவே ரூம் சமையலில்தான் கை வைப்பார்கள். தினமும் முட்டை என்பது வாரம் இரண்டு முறை என்றாகும். பழம் நின்றுபோகும். காலை டிபன், டீயும் பன்னுமாகச் சுருங்கும். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்க்கிற உடம்புக்கு அதுதான் சாப்பாடு.

தக்காளி நடத்திய பாடம்

2023 ஜூலையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. கடும் வெயில், பிறகு மழை, செடிகளைத் தாக்கிய நோய், அதற்கு முந்தைய மாதங்களில் விலை கிடைக்காமல் விவசாயிகள் சாகுபடியைக் குறைத்தது என்று காரணங்கள் ஒன்றுசேர்ந்தன. அந்த மாதம் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 7.44 சதவிகிதத்தைத் தொட்டது. காய்கறிகளை மட்டும் பார்த்தால் 37 சதவிகிதத்துக்கும் மேல்.

தமிழ்நாடு அரசு உடனடியாகக் களமிறங்கியது. ஜூலை 4-ம் தேதி முதல் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. நல்ல ஏற்பாடுதான். ஆனால், அது முதலில் தொடங்கியது சென்னையில் உள்ள 82 கடைகளில். பிறகுதான் படிப்படியாக மற்ற மாவட்டங்களுக்கும் விரிவானது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கோலார், கிருஷ்ணகிரி பக்கமிருந்து கோயம்பேட்டுக்குக் காய்கறி ஏற்றி வரும் லாரிகள் ஸ்ரீபெரும்புதூர் வழியாகத்தான் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் போகின்றன. கண்ணெதிரே போகும் தக்காளி, கோயம்பேடு போய் இறங்கி, ஏலம் போய், ஏற்றுக்கூலி இறக்குக்கூலி சேர்ந்து, சின்ன வண்டியில் திரும்பி வந்து இங்குள்ள தள்ளுவண்டிக்குச் சேரும்போது விலை கூடிவிடுகிறது.

ரூமில் தங்கியிருப்பவர்களிடம் பெரும்பாலும் ஃபிரிட்ஜ் இருக்காது. விலை குறைவாக இருக்கும் நாளில் மூன்று கிலோ வாங்கி வைக்க முடியாது. அன்றன்று என்ன விலையோ, அதற்குத்தான் வாங்கியாக வேண்டும்.

கார்டு அங்கே, வயிறு இங்கே

விலைவாசிக்கு எதிராகத் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இருக்கும் பெரிய கேடயம் ரேஷன் கடை. அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய். பாமாயில் லிட்டர் 25 ரூபாய். சர்க்கரை கிலோ 25 ரூபாய். வெளிமார்க்கெட்டில் துவரம் பருப்பு கிலோ 150 ரூபாயைத் தாண்டிய காலத்திலும் ரேஷனில் அதே 30 ரூபாய்தான். ஒரே ஒரு கிலோ பருப்பில் 120 ரூபாய்க்கு மேல் மிச்சம்.

2020 அக்டோபரில் 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' திட்டத்தில் தமிழ்நாடு சேர்ந்த பிறகு, விரல் ரேகை வைத்து வேறு ஊர்க் கடையிலும் பொருள் வாங்க வழி இருக்கிறது. ஆனால், கார்டுக்கு உள்ள அளவு ஒன்றுதான். செங்கத்தில் இருக்கும் அம்மா ஒரு கிலோ பருப்பை வாங்கிவிட்டால், ஒரகடத்தில் இருக்கும் மகனுக்கு அந்த மாதம் ரேஷன் பருப்பு கிடையாது. மகன் வாங்கினால் அம்மாவுக்குக் கிடையாது. அம்மாவின் பங்கில் கை வைக்க எந்தப் பிள்ளைக்கும் மனசு வராது. கடைசியில் ரூம் சமையலுக்கு எல்லாமே வெளிக்கடை விலைதான்.

வட மாநிலத் தொழிலாளர்களுக்கு அரிசி, கோதுமை மட்டும் இங்கே வாங்க முடியும். மத்திய அரசின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் தானியம் என்பதால் அது மாநிலம் தாண்டியும் செல்லும். தமிழ்நாடு அரசு தன் செலவில் தரும் பருப்பும் பாமாயிலும் அதில் வராது.

'சரி, தனிக் கார்டு வாங்கிக்கொள்ளலாமே?' என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் புதிய குடும்ப அட்டைக்கு முக்கியமான நிபந்தனை, தனியாக வசித்துத் தனியாகச் சமைக்க வேண்டும் என்பது. கல்யாணம் ஆகித் தனிக்குடித்தனம் வந்தவர்களுக்கு அது பொருந்தும். நாலு ஊரைச் சேர்ந்த நாலு இளைஞர்கள் ஒரே அடுப்பில் சமைக்கும் ரூமை எந்தக் குடும்பமாகக் கணக்கில் எழுதுவது? படிவத்தில் அதற்கு இடம் இல்லை.

ரேஷனிலேயே பொருள் தட்டுப்பாடு வந்தால் ஊர் அடுப்பும் ஆட்டம் காணும். 2024 மே மாதம் அதுதான் நடந்தது. மக்களவைத் தேர்தல் நடத்தை விதிகளால் கொள்முதல் தாமதமாகி, துவரம் பருப்பும் பாமாயிலும் பல கடைகளுக்குச் சரியாக வந்து சேரவில்லை. மே மாதப் பொருளை ஜூனிலும் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்தது. பொருள் கிடைத்துவிடும் என்பது சரி. ஆனால், இடைப்பட்ட நாட்களுக்கு வெளிக்கடையில் பருப்பு வாங்க ஊரிலிருந்து போன் வரும். அந்த மாதம் ரூமில் குழம்பு இன்னும் தண்ணியாகும்.

மூட்டைக்கு வரி இல்லை, பைக்கு உண்டு!

முதல் பத்தியில் வந்த 26 கிலோ மூட்டைக்கும் 5 கிலோ பைக்கும் இன்னொரு வித்தியாசம் இருக்கிறது.

2022 ஜூலை 18 முதல், லேபிள் ஒட்டி பேக் செய்த அரிசி, பருப்பு, மாவு போன்றவற்றுக்கு 5 சதவிகிதம் ஜி.எஸ்.டி வந்தது. இது 25 கிலோ வரையிலான பாக்கெட்டுகளுக்கு. அதற்கு மேல் எடை இருந்தால் இந்த வரி கிடையாது. விதி வந்த கையோடு தமிழ்நாட்டு அரிசிக் கடைகளில் 26 கிலோ மூட்டைகள் முளைத்ததற்குக் காரணம் இதுதான்.

மொத்தமாக மூட்டை வாங்க வசதி உள்ளவருக்கு வரி இல்லை. சம்பளம் வந்ததும் 5 கிலோ பை வாங்குபவருக்கு வரி உண்டு. கிலோ 60 ரூபாய் அரிசி என்று வைத்தால் 5 கிலோ பைக்கு 15 ரூபாய். 26 கிலோ அரிசியைச் சின்னச் சின்னப் பைகளாக வாங்கித் தின்று முடித்தால் 78 ரூபாய் வரியாகவே போயிருக்கும்.

2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி குறைந்தபோது சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் ஆகியவற்றின் வரி 18-லிருந்து 5 சதவிகிதமானது. ரூம்வாசிகளுக்கும் அது லாபம்தான். 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு 28-லிருந்து 18 சதவிகிதம் ஆனது. அதாவது, ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் தயாராகும் 350 சிசி புல்லட்டின் விலை குறைந்தது. அதைச் செய்பவர்கள் வாங்கும் 5 கிலோ அரிசிப் பையின் வரி அப்படியே இருக்கிறது.

சிலிண்டர் யார் பெயரில்?

சென்னையில் 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் 2023 மார்ச்சில் 1,118 ரூபாய் 50 காசு. அந்த ஆகஸ்ட் கடைசியில் 200 ரூபாயும், 2024 மார்ச்சில் 100 ரூபாயும் குறைந்து 818.50 ஆனது. 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறி 868.50. இந்த ஏற்ற இறக்கமெல்லாம் முறையான கனெக்‌ஷன் வைத்திருக்கும் வீடுகளுக்கு.

ரூமில் இருப்பவர்களுக்கு முகவரிச் சான்று ஊரில் இருக்கும். அவர்களுக்காகவே 5 கிலோ சின்ன சிலிண்டர் விற்கப்படுகிறது. அடையாள அட்டை காட்டினால் போதும், முகவரிச் சான்று தேவையில்லை. வசதியானதுதான். ஆனால் அது சந்தை விலையில் வருவது. கிலோ கணக்கில் பார்த்தால் வீட்டு சிலிண்டரைவிடக் கூடுதல்.

சமைக்காமல் மெஸ்ஸில் சாப்பிட்டால்? மெஸ்ஸும் டீக்கடையும் வாங்குவது 19 கிலோ வணிக சிலிண்டர். அதன் விலை பெரும்பாலும் மாதத்தின் முதல் தேதியில் மாறும். இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து ஏறினால் தோசையில் 5 ரூபாய் கூடும். சிலிண்டர் விலை இறங்கினாலும் தோசை விலை இறங்கியதாகச் சரித்திரம் இல்லை.

கேன்டீன் உள்ள நாள், இல்லாத நாள்

விலைவாசி உயர்விலிருந்து இந்தத் தொழிலாளர்களைக் காப்பது கம்பெனி கேன்டீன். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் கேன்டீன் இருக்க வேண்டும் என்பதை 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. குறைந்த விலையில் ஒரு வேளைச் சாப்பாடு கிடைத்துவிட்டால், தக்காளி என்ன விலை விற்றாலும் அந்த ஒரு வேளைக்குக் கவலை இல்லை.

சிக்கல், வேலை இல்லாத நாட்களில். ஆர்டர் குறைந்து ஷிஃப்ட் குறைந்தால் சம்பளமும் ஓவர்டைம் காசும் குறையும். அதே நாளில் கேன்டீன் சாப்பாடும் போய், மூன்று வேளையும் சொந்தச் செலவாகும். வரவு குறையும் நாளில்தான் செலவு கூடுகிறது.

ஹாஸ்டலில் தங்கும் பெண்களுக்கு அடுப்பு என்பதே அடுத்தவர் கையில். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் சாப்பிட்ட 250-க்கும் மேற்பட்டோருக்கு உடல்நலம் பாதித்தது. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பெண்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்து போராடிய பிறகே நாடு அந்த விடுதிகளின் நிலையைத் திரும்பிப் பார்த்தது. 2024 ஆகஸ்ட்டில் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட பெண்கள் குடியிருப்பு திறக்கப்பட்டது. தங்கும் இடத்துக்கு ஒரு வழி பிறந்திருக்கிறது. அதேபோல, தட்டில் என்ன விழுகிறது என்பதிலும் அங்கே சாப்பிடுபவர்களுக்கு ஒரு குரல் வேண்டும்.

விலை தினமும்... சம்பளம் வருஷத்துக்கு ஒருமுறை

தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியத்தோடு சேரும் பஞ்சப்படி, சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டை வைத்து ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரல் 1-ல் மாறுகிறது. ஜூலையில் தக்காளி ஏறினால், அந்த ஏற்றம் அடுத்த ஏப்ரலில்தான் சம்பளத்தில் தலைகாட்டும். அதுவும் 12 மாதச் சராசரியில் கலந்து கரைந்த பிறகு.

நிரந்தரத் தொழிலாளர்களுக்குச் சங்கம், ஊதிய ஒப்பந்தம் என்று பேச ஒரு மேடையாவது இருக்கும். அதற்குமே எவ்வளவு போராட வேண்டும் என்பதை 2024 செப்டம்பர் 9-ல் தொடங்கி ஒரு மாதத்தைக் கடந்து நீடித்த சாம்சங் வேலைநிறுத்தம் காட்டியது. காண்ட்ராக்ட், டிரெய்னி என்ற பெயரில் இருப்பவர்களுக்கு அந்த மேடையும் இல்லை. ஒரே லைனில் நிற்கும் இருவருக்குச் சம்பளம் வேறு வேறு. கடைக்குப் போனால் தக்காளி விலை மட்டும் ஒன்று.

'பணவீக்கம் குறைஞ்சிடுச்சாமே?'

2025 அக்டோபரில் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவிகிதம் என்று செய்தி வந்தது. பலருக்கும் குழப்பம். பணவீக்கம் என்பது போன வருஷம் இதே மாதத்தோடு ஒப்பிட்டு விலை எவ்வளவு மாறியது என்ற கணக்கு. காய்கறி விலை ஒரு வருஷம் எகிறி, அடுத்த வருஷம் இறங்கினால் அந்த எண் சட்டென்று குறையும். ஆனால், மூன்று வருஷத்துக்கு முன் கொடுத்த வாடகையும், மெஸ் சாப்பாட்டு விலையும், பஸ் செலவும் திரும்பி வராது.

தங்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2025 தொடக்கத்தில் சுமார் 57,000 ரூபாய் விற்ற ஒரு பவுன், அந்த வருஷ டிசம்பரில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. மேலே போட்ட மாதிரிக் கணக்கில் மாதம் 1,500 ரூபாய் சேர்க்கும் ஒரு பெண்ணுக்கு, வருஷத் தொடக்கத்து விலையில் ஒரு பவுனுக்கு 38 மாதம் ஆகும். வருஷக் கடைசி விலையில் 67 மாதம். மாதம் 650 ரூபாய்தான் மிச்சம் என்றால், அந்தக் கணக்கு 12 வருஷத்தைத் தாண்டிவிடும். கல்யாணத்துக்குச் சேர்க்கலாம் என்று வேலைக்கு வந்தவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

* ரூமில் நாலு பேர் இருந்தால் மாதத் தொடக்கத்தில் காசு போட்டு 26 கிலோ மூட்டையாக வாங்கலாம். முடியாவிட்டால், மூட்டையைப் பிரித்து நிறுத்துத் தரும் அரிசியை வாங்கலாம். சில்லறையாக நிறுத்து வாங்கும் அரிசிக்கும் ஜி.எஸ்.டி இல்லை.

* பாக்கெட்டில் எம்.ஆர்.பி-யோடு, ஒரு கிராம் அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்பதும் அச்சாகியிருக்கும். அதைப் பாருங்கள். அதே 10 ரூபாய்க்கு எடையைக் குறைத்திருந்தால் இதில்தான் தெரியும்.

* மனைவி, பிள்ளைகளோடு இங்கேயே குடிவந்துவிட்டவர்கள் குடும்ப அட்டையில் முகவரியை மாற்றிக்கொள்ளலாம். பொது விநியோகத் துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்க முடியும்.

* வெளிமாநில நண்பர்கள் ரூமில் இருந்தால் 'மேரா ரேஷன்' ஆப் பற்றிச் சொல்லுங்கள். கார்டின் அளவில் ஒரு பகுதியை இங்கேயும், மீதியைக் குடும்பத்தினர் ஊரிலும் வாங்கிக்கொள்ள வழி உண்டு.

* அட்வான்ஸ் கேட்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டம் சொல்கிறது. கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தைப் படித்துவிடுங்கள்.

அரசு செய்யக்கூடியதும் இருக்கிறது. தக்காளி, பருப்பு விலை எகிறும்போது மலிவு விலை விற்பனையை சிப்காட் வளாகங்களின் வாசலிலும், ஷிஃப்ட் முடியும் நேரத்திலும் முதல் நாளே தொடங்கலாம். ஊரில் கார்டு உள்ள தொழிலாளிக்கு, வேலை பார்க்கும் சான்றைக் காட்டினால் அரைக் கிலோ பருப்பும் அரை லிட்டர் பாமாயிலும் தனியாகக் கிடைக்க வழி செய்யலாம். ஒரு குடும்பம் பிழைப்புக்காக இரண்டு இடத்தில் சமைக்கிறது என்பதை ரேஷன் கணக்கு ஏற்றுக்கொண்டாலே போதும், ஒரகடத்து ரூமில் வாரத்துக்கு இன்னும் இரண்டு முட்டை வேகும்.